வெட்டு விழுந்த காப்பு

பசுண்டவுங், ரங்கூன்
1926 ஜனவரி 18

தம்பி ராஜரத்தினத்துக்கு,

நீ கொடுத்தனுப்பிய மூட்டை வந்து சேர்ந்தது. வராமல் வழியிலேயே தொலைந்து போயிருக்கலாம்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அய்யாசாமி மாமா, அத்தை, தங்கமணி மூவரும் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உன் கல்யாணப் பேச்சைத் தை மாதத்திலேயே முடித்துவிடலாம் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வாழைப்பூ வடை சுட்டு, காபி கலந்து கொடுத்து, உன் பெருமையை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். "ஷான் மலையிலே தனியாக் கடை வச்சிருக்கான். உப்பு, துணி, ஊசி, நூல் எல்லாம் விக்கிறான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பீர் முகைதீன் பாய் படியேறி வந்தார். உனக்குச் சரக்கு அனுப்புகிற மொகல் தெரு முதலாளியே வீடு தேடி வருகிறாரே என்று எனக்கு இன்னும் பெருமை. "தம்பி மேலேருந்து குடுத்து விட்டிருக்காப்ல. பத்திரமா வச்சிக்கச் சொன்னாப்ல" என்று சாக்குமூட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். கடிதம் ஒன்றும் இல்லை.

"பிரிச்சுத்தான் பாரேன், மாப்பிள்ளை என்ன அனுப்பிருக்காருன்னு" என்றாள் அத்தை. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பிரித்தேன்.

பாயில் கொட்டியது அத்தனையும் வெள்ளிக் காப்பு. கறுத்துப் போய், மண் ஒட்டிக்கொண்டு. ஒன்றாவது முழுசாக இருந்ததா? எல்லாவற்றிலும் உளி வெட்டு. சிலது இரண்டாகவே முறிந்து கிடந்தது. பெண்பிள்ளை கையில் கிடக்கிற காப்பை எப்போதடா வெட்டுவார்கள்? தாலி அறுத்தவள் கையிலிருந்து எடுக்கும்போது வெட்டுவார்கள். இல்லாவிட்டால் கொள்ளைக்காரன் வெட்டுவான். இல்லாவிட்டால் நம் அப்பா வெட்டுவார்.

"கையிலேருந்து வெட்டி எடுத்த காப்பு இது" என்று கத்திவிட்டேன். "என்னம்மா சொல்றே" என்று மாமா எழுந்தார். அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில் அப்பா அரிசி மில் மேஸ்திரியாக இருந்து கூலிக்காரப் பெண்களுக்கு வட்டிக்குக் கொடுத்ததையும், திருப்பித் தராதவர்கள் கையிலிருந்து வளையலைக் கழற்றியதையும், கழலாததை வெட்டியதையும் எல்லாம் கொட்டிவிட்டேன். "அப்பன் புத்தி அவனுக்கும் வந்திருச்சு" என்று அழுதேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்த மாதிரி வெள்ளி வாங்குற வீட்டிலே நான் பொண்ணு குடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வடை தட்டில் அப்படியே இருந்தது.

இப்போது பசுண்டவுங் குழாயடி முழுக்க இதுதான் பேச்சு. உன் அத்தான் மில்லுக்குத் தலையைக் குனிந்துகொண்டு போய் வருகிறார். அந்த மூட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். அதன் பக்கம் திரும்பவே கூசுகிறது.

யார் கை அதெல்லாம்? அதை மட்டும் எழுது.

கனகாம்பாள்


மோங் பிங் சந்தை, ஷான் மலை
1926 பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சந்தை நடுவில் நின்று படித்தேன். படித்துக்கொண்டே, ஊசி கேட்டவளுக்குத் தீப்பெட்டி கொடுத்தேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யார் கை என்று கேட்கிறாய். யார் கையும் இல்லை. அது காப்பே இல்லை, காசு.

இந்தப் பக்கத்தில் ரூபாய் புழங்குவதற்கு முன்னால் வெள்ளிக் கம்பியை வளைத்து, ஊர் முத்திரையும் எடை முத்திரையும் குத்தி, அதைத்தான் காசாகக் கொடுத்து வாங்கினார்கள். வளைவில் உளியால் ஒரு வெட்டுப் போடுவார்கள். வாங்குகிறவன் உள்ளே இருப்பது வெள்ளிதானா, செம்பா என்று அந்த வெட்டில் பார்த்துக்கொள்வான். பாதி விலை கொடுக்க வேண்டுமானால் அந்த இடத்தில் முறித்துப் பாதியைக் கொடுப்பான். வெட்டு இல்லாத வளையத்தை இங்கே யாரும் காசாக எடுத்துக்கொள்வதில்லை. தாத்தா காலத்தில் பானையில் போட்டுப் புதைத்ததை மலைக்காரர்கள் தோண்டி எடுத்து இன்னும் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். நான் எடை போட்டு உப்பு கொடுக்கிறேன். இதுதான் நான் செய்த கொலை.

சந்தேகமாக இருந்தால் ஒரு வளையத்தை எடுத்து உள்புறம் விரலை ஓட்டிப் பார். கரடுமுரடாக இருக்கும். கையில் கிடந்த காப்புக்கு உள்புறம் வழவழப்பாக இருக்கும். கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். ரங்கூனில் இருக்கிற என் அக்காவுக்குத் தெரியவில்லை.

மூட்டையோடு சீட்டு ஒன்றும் எழுதித்தான் கொடுத்தேன். கழுதைக்காரன் அதில் சுருட்டுச் சுற்றியிருப்பான். வெள்ளியை உருக்கித் தங்கமணிக்குக் கொலுசு செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தேன். இனி அதைப் பற்றிப் பேச்சில்லை.

உனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியும். அப்பா வளையலைக் கழற்றும்போது, கை வழுக்குவதற்காகச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேன். உன் கண்ணில் கிடக்கிற அழுக்கை என் முகத்தில் பார்த்திருக்கிறாய். மூன்று வருஷமாகக் காய்ச்சலும் கொசுக்கடியுமாக இந்த மலையில் ஏன் கிடக்கிறேன் என்று ஒருநாளாவது யோசித்தாயா? அப்பா செய்த தொழிலைத் தொடக்கூடாது என்றுதான். பீர் முகைதீன் பாய் பசுண்டவுங்கில் வட்டிக்கடை வைத்துத் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று வந்தவன் நான். இது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஊரைக் கூட்டினாய்.

அத்தானிடம் மட்டும் என் வணக்கத்தைச் சொல்.

ராஜரத்தினம்


பசுண்டவுங், ரங்கூன்
1926 மார்ச் 4

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. உன் அத்தான் பர்மாக்காரர் கடையில் மொஹிங்கா வாங்கித் தின்றார்.

சோப்புக் கிண்ணத்தைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மைதான். அம்மா மாட்டேன் என்று அழுதாள் என்பதால் என்னைப் பிடிக்கச் சொன்னார் அப்பா. அந்தக் கைகளெல்லாம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் உன் மேல் பழி போட்டது சரியாகிவிடாது. உன்னை நான் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். வளர்த்தவளுக்கே உன்னைத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, தம்பி.

மூட்டையை எடுத்துக்கொண்டு வெள்ளி வேலை செய்கிற அப்பாசாமி பத்தரிடம் போனேன். அவர் ஒன்றை எடுத்து உரசிப் பார்த்து, உள்ளே விரலை விட்டுத் தடவினார். "இதைக் கையிலே போட்டா தோலு உரிஞ்சு போகும்மா. இது பழங்காசு. யாரும்மா உங்ககிட்ட காப்புன்னு சொன்னது?" என்று கேட்டார். நான் மூட்டையைக் கட்டத் தொடங்கினேன்.

அதன்பிறகு அய்யாசாமி மாமா வீட்டுக்கு டிராம் ஏறிப் போனேன். முதல் நாள் அத்தை கதவைத் திறக்கவே இல்லை. மாடிப்படியில் நின்றுவிட்டு வந்தேன். மறுநாள் பத்தரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொன்ன பிறகும் மாமா யோசித்தார். "அப்பன் பண்ணினது பொய்யில்லையே" என்றார். அப்பா கதையை அவருக்கு யார் சொன்னது? நான்தானே. கடைசியில் அவர்கள் எல்லாரையும் மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொல்லி, சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். என் தம்பி எந்தப் பெண் கையிலிருந்தும் எதையும் எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டான் என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன். கை கொப்பளித்துவிட்டது. அந்த எரிச்சல் எனக்கு வேண்டியதுதான்.

மாமா மனசு இறங்கிவிட்டது. வாசலில் செருப்பைப் போடும்போது, "அம்புட்டும் நல்ல வெள்ளின்னு பத்தர் சொல்றாரே, எடை எம்புட்டு இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பட்ட அவமானத்தில், அவரைக் குளிர வைத்தால் போதும் என்று இருந்தேன். "உங்க பொண்ணுக்கு வெள்ளியிலே ஒட்டியாணமே செஞ்சு போடுறோம் மாமா" என்று சொல்லிவிட்டேன். கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். இருக்கிற வெள்ளியில் பாதி ஒட்டியாணம்தான் வரும் என்கிறார் பத்தர். இன்னும் இதே அளவு வேண்டுமாம். சித்திரையில் பரிசம், ஆனியில் கல்யாணம். அதற்குள் அனுப்ப முடியுமா? உனக்குச் சிரமம் வைக்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் இந்தத் தடவை நம் பேச்சுத் தவறினால் அந்த வீட்டில் நான் தலை காட்ட முடியாது.

தங்கமணி என்ன சொன்னாள் தெரியுமா? கோயில் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, "நான் அன்னிக்கே நம்பலை மதினி. நீங்க கத்தின கத்துக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்திச்சு" என்றாள். பர்மாப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண், தமிழ் எழுத்துக்கூடத் தெரியாது. என்னைவிட உன்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். அக்கா தம்பியிடம் கேட்பதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

கனகா


மோங் பிங்
1926 மார்ச் 27

அக்காவுக்கு,

கழுதைக்காரனிடம் வெள்ளி கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை சீட்டை மூட்டைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன். எடை சரியாக இருக்கும். இதற்குமேல் கேட்காதே. புதைத்து வைத்த காசெல்லாம் மலையில் தீர்ந்துகொண்டு வருகிறது.

பத்தரிடம் கொடுத்த உடனே உருக்கிவிடச் சொல். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நீ மன்னிப்புக் கேட்டதை மறந்துவிடு. நானும் சோப்புக் கிண்ணத்தை எழுதியிருக்க வேண்டாம். ஆனால் சூடம் அணைத்திருக்க வேண்டாம், அக்கா. கையைச் சுட்டுக்கொண்டு செய்கிற காரியமா அது.

இங்கே வெயில் அதிகம். உப்புக் கழுதைகள் இந்த மாதம் பாதிதான் வந்தன.

ராஜரத்தினம்


பசுண்டவுங், ரங்கூன்
1926 ஏப்ரல் 28

மாப்பிள்ளைத் துரைக்கு,

உன் கடிதம் தந்தி அடித்த மாதிரி இருந்தது. சொல்லுக்கு இவ்வளவு காசு என்று போஸ்ட் ஆபீசில் கேட்கிறார்களா? இன்னும் என் மேல் கோபம் இருந்தால் வந்து நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

பரிசம் போட்டாயிற்று. நீ இல்லாத குறையை நானே ஆறு ஆள் மாதிரி நின்று தீர்த்தேன். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒட்டியாணத்தைத் தட்டில் வைத்துச் சபையில் சுற்றி வரச் செய்தார். குழாயடியில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களெல்லாம் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அப்பாசாமி பத்தர் நடுவில் மாங்காய் வைத்து, இரண்டு பக்கமும் கொடி ஓட்டியிருக்கிறார். தங்கமணிக்கு இடுப்பில் மாட்டியது நான்தான். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அவர் மலையிலே உப்பு சுமந்து சேத்த வெள்ளி மதினி இது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு வேடிக்கை. உருக்குவதற்கு முன்னால் பத்தர் ஒரு வளையத்தை எடுத்து, "இது புது வெட்டா இருக்கே" என்றார். வெட்டின இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. உள்புறமும் கல்லில் தேய்த்தது மாதிரிக் கீறல் கீறலாக இருந்தது. நான் விடுவேனா? போன தடவை பட்டது போதாதா? "மலையிலே அப்பப்ப வெட்டிப் பாப்பாங்க. நீங்க உருக்குங்க" என்று அதட்டினேன். உன்னைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன் இனிமேல்.

மழை பிடிப்பதற்குள் இறங்கி வந்துவிடு. மூன்றாம் முடிச்சுப் போட நான் இப்போதே விரலைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

கனகா


மோங் பிங்
1926 மே 14

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தபின் ஒரு சந்தை போய்விட்டது. எழுதாமலே ஊருக்கு வந்து, தாலி கட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

பத்தர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அது புது வெட்டு. நான் வெட்டியது.

நீ வெள்ளி கேட்டு எழுதியபோது என்னிடம் ஒரு காப்பு அளவு எடை குறைந்தது. பழங்காசு வரத்து நின்றுபோயிருந்தது. உப்பும் குறைச்சல். கடைசி மூட்டையைப் பிரித்த அன்றைக்கு நாங் கம் என்ற பெண் வந்தாள். மலையில் மூன்று நாள் நடை தூரத்தில் அவள் ஊர். உன் வயசுதான் இருக்கும். காசும் இல்லை, பழைய வளையமும் இல்லை. ரூபாய் வைத்திருந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு வந்து கையை நீட்டினாள்.

கையில் ஒரு வெள்ளிக் காப்பு. சின்ன வயசில் போட்டது. கை தடித்துவிட்டதால் கழலவில்லை. "எடுத்துக்கோ, கலா" என்றாள்; ரங்கூனில் போலவே இங்கேயும் இந்தியன் என்றால் கலாதான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உப்பைச் சும்மாவே கொடுத்திருக்கலாம். ஒரு படி உப்பில் நான் ஒன்றும் கெட்டுப்போக மாட்டேன். ஆனால் என் கண் அந்தக் காப்பின் கனத்தைத்தான் பார்த்தது. இது ஒன்று கிடைத்தால் ஒட்டியாணத்துக்குச் சரியாகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. அவளே ஆற்றுக்குப் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்தாள். அப்படியும் கழலவில்லை. உப்பு மூட்டை வைக்கிற கட்டையில் கையை வைக்கச் சொன்னேன். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். மணிக்கட்டில் கொஞ்சம் கீறிவிட்டது. காப்பு கிடந்த இடம் வெளுத்துப் போய், குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே உப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

உள்புறம் வழவழப்பாக இருந்தது. தடவிப் பார்த்தால் தெரியும் என்று உனக்கு எழுதியவன் நான்தானே. நீ தடவிப் பார்த்துவிடுவாய் என்று அதை ஆற்றங்கல்லில் வைத்துத் தேய்த்தேன். கரடாகும்வரை தேய்த்தேன். வெட்டியதைவிட அந்தத் தேய்ப்புதான் இப்போது என்னைத் தின்கிறது. வெட்டும்போது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தேய்க்கும்போது தெரிந்துதான் தேய்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சந்தைக்கு நாங் கம் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் நாலு பெண்கள் பின்னால் நின்றார்கள். தங்கை கட்டையின் மேல் தானாகவே கையை வைத்தாள். வேண்டாம் என்றேன். "அக்காகிட்ட வாங்கினியே, எங்கிட்ட ஏன் வாங்க மாட்டே?" என்று கேட்டாள். தன் வெள்ளி மட்டம் என்று நான் சொல்கிறேன் என நினைத்துக்கொண்டாள். அவமானப்பட்டுப் போய்விட்டாள், அக்கா. எதிர்க்கடைச் சீனன் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே ஒரு உளி வாங்கி வைத்துவிட்டான். இப்போது அவன் கடையில்தான் கூட்டம். கையில் கிடப்பதும் இந்தச் சந்தையில் காசாகிவிட்டது. அதை ஆரம்பித்து வைத்தது நான்.

நாங் கம்மிடம் உப்பு மூட்டை ஒன்றைக் கொடுத்து, காப்புக்குப் பதிலாக வைத்துக்கொள் என்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. விலை முடிந்துபோன சரக்குக்கு மறுபடி எதற்கு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தங்கமணியிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் செய். நான் ஜூன் முதல் வாரத்தில் இறங்குகிறேன். பதிலை, வழியில் தௌஞ்ஜி ஊரில் இருக்கிற பீர் முகைதீன் பாயின் சரக்குக் கிட்டங்கி விலாசத்துக்கு எழுது.

உன் சத்தியத்தைப் பொய்யாக்கிவிட்டேன்.

ராஜரத்தினம்


பசுண்டவுங், ரங்கூன்
1926 ஜூன் 2

ராஜரத்தினம்,

உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். எழுதியதைப் படித்தபோது அதில் பாதி என்னைத்தான் திட்டியிருந்தது. அதைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒட்டியாணம் யார் கேட்டார்கள்? கொலுசு போதும் என்றுதான் நீ நினைத்திருந்தாய். நான் செய்த தப்பை மறைக்க நான் கொடுத்த வாக்கு அது. அந்தப் பெண்ணின் கையில் உளியை வைத்தது நீ, தூர இருந்து தள்ளியது நான். அப்பாவிடம் கிண்ணம் பிடித்த மாதிரியேதான் இதுவும். இதை எழுதினால் உன் பாரம் குறையும் என்று எழுதவில்லை. உன்னுடையது உன்னுடையதுதான்.

என்னைப் பார்த்துச் செய்யச் சொன்னாய். செய்தேன். உன் கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மழை ஆரம்பித்துவிட்டது, டிராமில் நனைந்துவிட்டேன். தங்கமணி துண்டு எடுத்து வந்து என் தலையைத் துவட்டினாள். அத்தை கடைக்குப் போயிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, "தங்கமணி, நீ போட்டிருக்கியே, அந்த வெள்ளியிலே ஒரு பொம்பளை கையிலேருந்து வெட்டி எடுத்த காப்பும் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், தம்பி. விழுந்து விழுந்து சிரித்தாள். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா மதினி?" என்றாள்.

கடிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். இது அவனே எழுதியது, படிக்கிறேன் கேள் என்றேன். "எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நீங்க என்ன வேணாலும் படிப்பீங்க" என்று மடித்து என் கையிலேயே திணித்துவிட்டாள். "அவரைப் பத்தி இனிமே யாரு என்ன சொன்னாலும் நான் காதிலே வாங்க மாட்டேன். நீங்களா இருந்தாலும் சரி" என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

மாமா வேலையிலிருந்து வந்ததும் அவரிடமும் சொன்னேன். அவர் நம்பினார். நம்பிவிட்டு, "இப்போ அதெல்லாம் உருக்கியாச்சுல்ல? வெள்ளின்னா வெள்ளிதானே. அதை எதுக்கும்மா இப்போ எடுத்துக்கிட்டு வர்றே" என்றார். ஜனவரியில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போன மனுஷன் இவர்தான். பத்திரிகை அச்சடித்தாயிற்றாம்.

இதுதான் நான் சம்பாதித்து வைத்திருப்பது. பொய்யைச் சொன்னபோது நாலு தெரு நம்பியது. நிஜத்தைச் சொல்கிறேன், ஒரு பெண்ணைக்கூட நம்ப வைக்க முடியவில்லை. நம்பினவருக்கு அது பெரிசாகப் படவில்லை.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். உன் வாயால், அவள் முகத்தைப் பார்த்து, நீ உன் கடிதத்தில் எனக்கு எழுதியதில் ஒரு வரி குறையாமல். கல்லில் தேய்த்ததையும் சேர்த்துச் சொல். எதிர்க்கடையில் நடப்பதையும் சொல். அவள் அழுதாலும் சரி, ஒட்டியாணத்தைக் கழற்றி எறிந்தாலும் சரி, கல்யாணமே நின்றாலும் சரி. நீ சொல்லாமல் மணவறையில் உட்கார்ந்தால் மூன்றாம் முடிச்சுக்கு என் கை வராது. எல்லார் முன்னாலும் எழுந்து போய்விடுவேன். இந்தத் தடவை கத்தமாட்டேன், அவ்வளவுதான்.

சீக்கிரம் வா. நீ நாள் கடத்த நாள் கடத்த இது இன்னும் கஷ்டமாகும். நேற்று நான் கிளம்பும்போது அத்தை வந்துவிட்டாள். மகளைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பரிசம் போட்ட நாளிலிருந்து தங்கமணி அந்த ஒட்டியாணத்தைக் கழற்றவே இல்லையாம். குளிக்கும்போதும் அதோடுதானாம், தூங்குவதும் அதோடுதானாம்.

கனகாம்பாள்